பேராசிரியரின் குரல் கடைசி வரிசைக்குப் போன நாள்

எங்கள் ஒலிபெருக்கி அமைப்பாளர் சங்கம் இந்த ஆண்டு விழாவுக்கு ஒரு மலர் கொண்டுவருகிறது. அதற்கு நான் எழுதித் தர வேண்டும் என்று பொறுப்பாளர் தங்கராஜ் வீடு தேடி வந்துவிட்டார். இப்போதைய ஆட்கள் மேடைக்குப் பக்கத்தில்கூட உட்காருவதில்லை. மண்டபத்துக்குள் நடந்துகொண்டே கையில் இருக்கும் தொடுதிரைப் பலகையில் விரலை இழுத்து ஒலியை ஏற்றி இறக்குகிறார்கள். அந்த வசதியைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. எங்கள் காலத்துக் கருவிகளைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன்.

"கருவிக் கதை வேண்டாம் பாய். அதை நாங்க பாத்துக்கிடுவோம். நாப்பது வருஷமா எழுத்தாளர், பேராசிரியர், டாக்டர்னு அம்புட்டு பேர் பேச்சையும் பக்கத்துல உக்காந்து கேட்டிருக்கிய. கேட்டதுல உங்களுக்கு என்ன ஒட்டுச்சு? அதை எழுதுங்க" என்றார்.

என் பெயர் காதர் மைதீன். ஊர் ராஜபாளையம். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, அந்தோணியம்மாள் அக்காவின் மைக் செட் கடையில் சேர்ந்தேன். அக்காவின் வீட்டுக்காரர் மில்லில் வேலை பார்த்தார்; கடை முழுக்க முழுக்க அக்காவுடையது. முதல் மூன்று வருடம் கல்யாண வீடுகளில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டினேன், ஒயர் சுற்றினேன், ஷாக் வாங்கினேன். அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை. நாலாவது வருடம் அக்கா என்னைக் கூட்டங்களுக்கு அழைத்துப் போனார். என் படிப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

அக்காவுக்குப் பேச்சு குறைவு. கூட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்விட வேண்டும். மைக்கை விரலால் தட்டிப் பார்க்கக் கூடாது, ஊதவும் கூடாது. பேச வருகிறவரின் உயரத்தை முதலிலேயே விசாரித்து ஸ்டாண்டை வைத்துவிட வேண்டும். அவர் மேடையில் குனியவோ எக்கவோ நேர்ந்தால் அது நம் குற்றம். எல்லாம் பூட்டி முடித்ததும் அக்கா கடைசி வரிசைக்குப் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்துகொள்வார். சரியாகக் கேட்டால் கை மடியிலேயே இருக்கும். கேட்காவிட்டால் ஒரு விரல் உயரும். அதிகமானால் உள்ளங்கை கீழே அமுங்கும். அக்காவிடமிருந்து எனக்கு அதற்கு மேல் பாராட்டோ திட்டோ வந்ததில்லை.

ஒரு விதியை மட்டும் வாய் திறந்து சொன்னார். ஒரு கூட்டத்தில் பேச்சு நடக்கும்போது நான் வெளியே டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் என் ஸ்டூலில் அக்கா உட்கார்ந்திருந்தார். கூட்டம் முடிந்த பிறகு சொன்னார்: "ஏலே காதரு, ஒருத்தர் பேசி முடிக்கிற மட்டும் ஆம்ப்ளிஃபயரை விட்டு எந்திரிக்கப்படாது. சத்தத்தை மட்டும் கேக்காத, என்ன சொல்லுதாவன்னு கேளு. அவிய அடுத்து எங்க குரலை எறக்குவாவ, எங்க கத்துவாவன்னு சொல்லு புரிஞ்சாத்தான் தெரியும்."

அன்றிலிருந்து வேறு வழியில்லாமல் கேட்க ஆரம்பித்தேன். ஆறு மாதத்தில் வேறு வழி இருந்தாலும் எழுந்து போக மாட்டேன் என்று ஆகிவிட்டது.

எல்லாப் பேச்சும் ஒன்றல்ல. தன்னம்பிக்கை சொல்ல வருகிறவர்களில் பாதிப்பேர் கூட்டத்தைக் கைதட்ட வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். வீட்டுக்குப் போகும்போது கையில் ஒன்றும் மிஞ்சாது. ஆனால் ஒரு எழுத்தாளர், ராஜபாளையத்தில் தமிழும் தெலுங்கும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்து ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கிய சொற்களைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். மறுநாள் காலையில் டீக்கடையில் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர் வாய் திறக்கும்போதெல்லாம் நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். பிறந்ததிலிருந்து கேட்கிற பேச்சுத்தான். அன்றைக்குத்தான் அதற்குள்ளே சரித்திரம் இருப்பது தெரிந்தது.

மதுரையிலிருந்து வந்த மனநல மருத்துவர் அம்மா ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மில் தொழிலாளர் குடும்ப விழாவில் பேசினார். நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் சின்னச் சின்னப் பொய்கள் எப்படி நம்மை நின்ற இடத்திலேயே நிறுத்திவிடுகின்றன என்பது பேச்சு. முடிந்ததும் மைக்கைக் கழற்றிக்கொண்டிருந்த என்னிடம், "ரொம்ப கவனமா கேட்டீங்களே, என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டார். யோசிக்காமல், "பத்தாவதும்மா" என்றேன். பொய். ஒன்றரை மணி நேரம் பொய்யைப் பற்றிய பேச்சைக் கேட்டுவிட்டு, அதைச் சொன்னவரிடமே பொய் சொல்லியிருக்கிறேன்.

அவர் காரில் ஏறப் போகும்போது பின்னாலேயே ஓடினேன். "அம்மா, நான் எட்டாவதுதான். பத்துன்னு சொன்னது பொய்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அப்ப அந்தப் பொய்யை உண்மையாக்கிடுங்க. ஒரு வருஷம் போதும்" என்றார்.

ஒரு வருடம் போதவில்லை. கணக்கு என்னை இரண்டு தடவை திருப்பி அனுப்பியது. மூன்றாவது தடவை, முப்பத்து நாலு வயதில், தனித்தேர்வராக எழுதிப் பத்தாவது பாஸானேன். என் மனைவி ரகமத் அந்தச் சான்றிதழை ஒரு வாரம் யார் வந்தாலும் காட்டினாள். பால்காரருக்குக்கூடக் காட்டினாள்.

இனி, தங்கராஜ் கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலாக நான் நினைப்பதைச் சொல்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பேராசிரியர் சங்கரபாண்டியன் என்று ஒருவர் இருந்தார். சரித்திரம் படித்தவர். இந்தப் பக்கத்துக் கண்மாய்களைப் பற்றி, யார் வெட்டினார்கள், யார் மராமத்துப் பார்த்தார்கள், எந்த மடை எந்த வயலுக்குப் பாய்ந்தது என்று வேலை பார்த்த காலமெல்லாம் சைக்கிளில் அலைந்து சேகரித்தவர். அவருடைய பேச்சுக்கு நான் பத்துப் பதினைந்து தடவையாவது மைக் கட்டியிருப்பேன். கணீரென்ற குரல். கடைசியில் அந்த உழைப்பு முழுவதும் ஒரு புத்தகமாக வந்தது. புத்தகம் அச்சுக்குப் போன நேரத்தில் அவருக்குத் தொண்டையில் கட்டி. அறுவை சிகிச்சையில் உயிர் தப்பியது. குரல் போய்விட்டது. அதன்பிறகு அவரால் கிசுகிசுக்க மட்டும்தான் முடிந்தது.

அந்த ஊர் வாசகர் வட்டம் வெளியீட்டு விழாவுக்கு ஏற்பாடு செய்தது. அதன் செயலாளர் ராமசுப்பு சார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பேராசிரியர் மேடையில் உட்கார்ந்திருக்கட்டும், அவர் உரையைத் தானே வாசித்துவிடுவதாகச் சொன்னார். பேராசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. அப்போதுதான் ராமசுப்பு சார் கடைக்கு வந்தார். அக்காவுக்கு அப்போது எழுபதை ஒட்டிய வயது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "காதரு பாத்துக்கிடுவான்" என்றார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் பேராசிரியர் வீட்டுக்குப் போனேன். அவர் மகள் மீனா கதவைத் திறந்தார். பேராசிரியர் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி என் காதருகே வந்து சொன்னார்: "தம்பி, வேற ஆள் படிச்சா அது வாசிப்பு. எனக்குப் பேசணும்."

கிசுகிசுப்புக்கு மைக் வைப்பது எப்படிப்பட்ட சங்கடம் என்பது நம் ஆட்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அதில் குரல் இல்லை, காற்றுத்தான் இருக்கிறது. ஒலியைக் கூட்டினால் காற்றும் சேர்ந்து கூடிப் புயல் மாதிரி இரையும். இன்னும் கூட்டினால் ஸ்பீக்கரிலிருந்து வருகிற சத்தத்தை மைக்கே திரும்பவும் வாங்கிக்கொண்டு ஊளையிடும். குறைத்தால் இரண்டாவது வரிசைக்கே கேட்காது.

மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கடைவாய் ஓரமாக, இரண்டு விரல் தள்ளி வைத்தேன். பஞ்சுறை மாட்டினேன். பேஸ் என்கிற அடிக்குரல் ஒலியை முழுவதும் இறக்கி, நடு ஒலியை மட்டும் கொஞ்சம் ஏற்றினேன். பிறகு பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டி, அவர் பேசப் பேச என் காதில் விழுந்ததை ஒரு தாளில் எழுதினேன். அதையும் அவருடைய உரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சில சொற்கள் அட்சர சுத்தமாக வந்திருந்தன. 'கல்தச்சர்', 'ஊர்ச்சபை', 'தச்சுக்கோல்' எல்லாம் பளிச்சென்று கேட்டன. 'மன்னன்', 'மானியம்' மாதிரி மூக்கிலிருந்து வரும் சொற்கள் எல்லாம் வெறும் மூச்சாகப் போயிருந்தன.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது? அவர் வாழ்நாளெல்லாம் எழுதிச் சேர்த்த சொற்கள். நான் தட்டுத் தடுமாறிப் பத்தாவது பாஸானவன். நன்றாகக் கேட்டது ஐயா என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் கேட்காததைக் கேட்டேன் என்று சொன்னால் நான் செய்கிற வேலைக்கே அர்த்தமில்லை.

"ஐயா, தப்பா நெனைக்கக் கூடாது. சில வார்த்தை மைக்குல நிக்க மாட்டேங்குது. மன்னன், மானியம்... அதெல்லாம் காத்தாப் போயிருது."

மீனா என்னைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது. பேராசிரியர் என் தாளை வாங்கிக் கடைசி வரி வரைக்கும் படித்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்தார். தோள் குலுங்கியது, சிரிக்கிறார் என்று தெரிய எனக்குச் செத்த நேரம் ஆயிற்று.

"மன்னன் எல்லாரையும் எடுத்துருவோம் தம்பி. நான் இம்புட்டு வருஷமாச் செய்ய நெனைச்சதும் அதுதான்."

மூன்று நாள் நாங்கள் இருவரும் உட்கார்ந்து அந்த உரையை மாற்றினோம். அவர் ஒரு சொல்லைச் சொல்லிப் பார்ப்பார். நான் பக்கத்து அறையிலிருந்து கேட்டதா இல்லையா என்று கத்துவேன். 'மானியம்' போய் 'கொடை' வந்தது. 'மன்னன்' போய், தேவையான இரண்டே இடத்தில் 'அரசர்' வந்தது. ஒரு சொல்லுக்கு மாற்றுத் தேடும்போது அது எங்கிருந்து வந்தது, யார் வாயில் எப்படி மாறியது என்றும் எனக்குச் சொல்லிவிடுவார். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைக்காமல் போனதெல்லாம் அந்த மூன்று நாளில் வட்டியோடு வந்து சேர்ந்தது.

புரட்டாசி மாதம் என்பதால் கல்யாண மண்டபம் காலியாகக் கிடைத்தது. உயரமான கூரை. கை தட்டினால் சத்தம் மூன்று தடவை திரும்பி வந்தது. மண்டபத்து ஜமுக்காளங்கள் அத்தனையையும் பின்சுவரில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். எதிரொலி ஒன்றாகக் குறைந்தது. பெரிய ஸ்பீக்கர் வேண்டாம் என்று முடிவு செய்து, தெரிந்த கடைகளிலெல்லாம் கேட்டு வாங்கிப் பதினாறு சின்னப் பெட்டிகளை இரண்டு பக்கச் சுவரிலும் வரிசைக்கு வரிசை மாட்டினேன். ஒவ்வொன்றும் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு மட்டும் மெதுவாகச் சொன்னால் போதும். மேடைப் பக்கம் ஒரு பெட்டிகூட இல்லை.

விழா சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. ராமசுப்பு சார் என்னிடம் வந்து நின்றார். வியர்த்திருந்தது.

"பாய், அஞ்சு நிமிஷம். ஜனம் நெளிய ஆரம்பிச்சா நான் போய் என் கையில இருக்கிற பேப்பரைப் படிச்சிருவேன். அவருக்கு ஒரு மானக்கேடு வந்துரப்படாது."

"சரி சார்" என்றேன்.

நானூறு பேருக்குக் குறையாது. மின்விசிறிகளை நிறுத்தச் சொல்லி அறிவித்தபோது ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அப்புறம் பேராசிரியர் மைக்குக்கு முன்னால் வந்தார்.

"கண்மாய்க் கரையில் கயிறு தேய்ந்த தடம் இருக்கிற கல்லைப் பார்த்திருக்கிறீர்களா? அந்தக் கயிறு யார் கையில் இருந்தது?"

அவ்வளவுதான் முதல் இரண்டு வாக்கியம். பதினாறு பெட்டியிலும் அது ஒரே நேரத்தில் வந்தது. ஒவ்வொருவருக்கும் தன் தோளுக்குப் பின்னால் நின்று யாரோ சொல்வதுபோல இருந்திருக்க வேண்டும். இரண்டொருவர் திரும்பிக்கூடப் பார்த்தார்கள். நான் கடைசி வரிசையைப் பார்த்தேன். அக்கா கண்ணை மூடியிருந்தார். கை மடியில் இருந்தது. ஐந்தாவது நிமிடம் ராமசுப்பு சார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, கையில் இருந்த பிரதியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பத்தாவது நிமிடம் கரண்டு போனது.

பேட்டரி இல்லாமல் நாங்கள் எந்தக் கூட்டத்துக்கும் போவதில்லை. சுவிட்சைத் திருப்பினேன், ஒரு சொல்தான் விழுங்கப்பட்டது. பேராசிரியர் அதைத் திரும்பச் சொல்லித் தொடர்ந்தார். நான் மூச்சு விட்ட அதே நேரம் மண்டபத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. அந்த இரைச்சல் ஜன்னல் வழியாக வந்து கிசுகிசுப்பை மூடிவிட்டது. ஒலியைக் கூட்டினேன். முனையில் ஊளை எட்டிப் பார்த்தது. குறைத்தேன். முன் வரிசையில்கூடக் காதைக் கை குவித்துப் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பேராசிரியர் நிறுத்தாமல் பேசுகிறார். கழுத்து நரம்பு தெரிகிறது. நான் ஓடிப் போய் நிறுத்தலாம். ஆனால் அந்த நேரம் மைக் கூவினால் பிடிக்க ஆள் இல்லை.

கடைசி வரிசையைப் பார்த்தேன். அக்காவின் நாற்காலி காலியாக இருந்தது.

பின்னால் நடந்ததை வேன் டிரைவர் செல்வம் பிறகு சொன்னார். அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஜெனரேட்டர் அறைக்குப் போயிருக்கிறார். மண்டப மேலாளர், "ஆச்சி, கரண்டு போனா இதைப் போடணும்னுதான் மொதலாளி உத்தரவு" என்றிருக்கிறார்.

"உத்தரவு கெடக்கட்டும். உள்ள ஒரு மனுசர் தொண்டையைக் கையில பிடிச்சுக்கிட்டுப் பேசுதாரு. நீ இதை அமத்துறியா, நான் ஒயரைப் பிடுங்கவா?"

உறுமல் நின்றது. அதன்பிறகு மண்டபத்தில் இருந்த அமைதியை என் தொழிலில் நான் வேறெங்கும் கேட்டதில்லை. விளக்கு இல்லை, விசிறி இல்லை, புரட்டாசி வெயில். அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருந்த ஒரு அம்மா அதன் சத்தம் இடைஞ்சல் என்று உணர்ந்து மடியில் வைத்துவிட்டார். அவரைப் பார்த்து அடுத்தவர், அடுத்தவர் என்று வரிசை முழுக்க விசிறல் நின்றது. நானூறு பேர் வியர்வை வழிய அசையாமல் உட்கார்ந்து ஒரு கிசுகிசுப்பைக் கேட்டார்கள். மண் சுமந்தவர்கள், கல் செதுக்கியவர்கள், மடை திறந்தவர்கள், பெயர் எழுதப்படாதவர்கள் எல்லாரைப் பற்றியும் அவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார்.

முடித்ததும் ஒரு பெண் எழுந்தார். மம்சாபுரத்திலிருந்து வந்தவர், பெயர் பேச்சியம்மாள், கூலி வேலைக்குப் போகிறவர். அவருக்கு மைக் தேவைப்படவில்லை.

"ஐயா, எங்க கண்மாய்க்கு மூணு மடைன்னு சொன்னிய. நாலு இருக்கு. வடக்க கருவேலத்துக்குள்ள மூடிக் கெடக்கு. பிள்ளைமடைன்னு எங்க ஐயா சொல்லுவாவ."

முன் வரிசையில் சிலர் அவரை உட்காரச் சொல்லிக் கையசைத்தார்கள். பேராசிரியர் மைக்கை விட்டு நகரவில்லை. "புத்தகம் தப்பா இருக்கலாம். நாளைக்குக் காட்டுறியாம்மா?" என்றார். அதுவும் பதினாறு பெட்டியிலும் கேட்டது. கைதட்டலில் என் ஆம்ப்ளிஃபயர் முள் துள்ளியது.

மறுநாள் நானும் அவர்களோடு போனேன். முள்ளை வெட்டி மண்ணைத் தள்ளியபோது நாலாவது மடையின் கல் தெரிந்தது. அடுத்த பதிப்பில் அந்தப் பக்கத்தைத் திருத்தி, தகவல் தந்தவர் பேச்சியம்மாள் என்று பேராசிரியர் அச்சிட்டார். அதன்பிறகும் அவர் ஏழு ஊர்களில் பேசினார். ஏழுக்கும் மைக் கட்டியவன் நான். பெரிய பெரிய ஆட்கள் பேசியதையெல்லாம் கேட்டு வளர்ந்த எனக்கு, தான் சொன்னது தப்பாக இருக்கலாம் என்று நானூறு பேர் முன்னால் சொன்ன அந்தக் கிசுகிசுப்புத்தான் ஒட்டியது.

ஆனால் நான் சொல்லி முடிக்க வேண்டியது விழா நடந்த அந்தச் சனிக்கிழமை சாயங்காலத்தை. பெட்டிகளைக் கழற்றி வேனில் ஏற்றிக்கொண்டு ராஜபாளையத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அக்கா முன்சீட்டில் இருந்தார். நல்லா இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று நான் காத்திருந்தேன்.

"ஏலே காதரு, நான் ஜெனரேட்டரு பக்கத்துலேயே காவல் நின்னுட்டேன். திரும்பவும் போட்டுருவானோன்னு பயம். பேச்சு முக்காவாசி போச்சு, கடைசியில ஒரு பொம்பளை எந்திரிச்சுப் பேசுனது மட்டும் அரைகுறையாக் காதுல விழுந்துச்சு. என்ன சொன்னாவ? சொல்லு."

சொல்ல ஆரம்பித்தேன். கயிறு தேய்ந்த கல்லிலிருந்து ஆரம்பித்தேன். செல்வம் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். அப்புறம் டீ குடிக்கலாம் என்று சாலையோரக் கடையில் நிறுத்தினார். கீழே இறங்கியும் நான் நிறுத்தவில்லை. அக்கா நிறுத்த விடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்துத் திருவண்ணாமலை மலைக்கோயிலில் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்த குடும்பம் ஒன்று பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. முதலில் அந்தப் பெரியவர் திரும்பினார். பிறகு அவர் மருமகள். டீ ஆற்றுகிறவர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து நின்றார். மடை திறக்கிறவரின் வேலையைச் சொல்லி முடித்தபோது எட்டுப் பேர் என்னைச் சுற்றி நின்றார்கள்.

அந்தப் பெரியவர் கேட்டார்: "அண்ணாச்சி எந்தக் காலேஜுல வாத்தியாரா இருக்கிய?"

நான் வாய் திறக்கும் முன் அக்கா சொன்னார்: "வாத்தியார் இல்லய்யா. எங்க கடை மைக் செட்டுக்காரர்."

அக்கா எனக்கு 'ர்' போட்டுச் சொன்னது அன்றைக்குத்தான். பிறகு டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அந்தப் பொம்பளை எந்திரிச்சுச்சே, அதைச் சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்."

சொன்னேன்.